வாரவனுக்கு விட்ட வழி

உப்பு விளைந்து, வெயில் முற்றி, மழை இன்னும் கடலுக்கு அப்பால் நின்றுகொண்டிருந்த ஒரு புரட்டாசியில் இது நடந்தது என்று கோட்டுமுனையில் சொல்கிறவர்கள் தொடங்குவார்கள். ஓடைக்கு அக்கரையில் சொல்கிறவர்கள் புரட்டாசி அல்ல, ஆவணியின் கடைசி என்பார்கள். ஆனால் வெயிலுகந்தாளின் வலது கால் மரத்துப்போன பிறகுதான் நடந்தது என்பதில் இரு கரையாருக்கும் வேறுபாடு இல்லை.

வெயிலுகந்தாள் உப்பளத்தில் பெட்டி சுமப்பவள். அவள் கணவன் பூலுடையார் கிணற்று மோட்டாரை ஓட்டிப் பாத்திகளுக்கு உப்புநீர் பாய்ச்சுகிறவன். அவன் தங்கை பிரம்மசக்தி அடுத்த வீட்டில் இருந்தாள். சுமைகாரப் பெண்களின் வரிசையில் தலையாக நடப்பவள் அவள், அவளுக்கு அடுத்தபடியாக நடப்பவள் அவளுடைய மதினி வெயிலுகந்தாள். ஒருநாள் வரிசையில் மூன்றாவதாக வந்தவள், வெள்ளை உப்பில் சிவப்புத் தடம் விழுந்துகொண்டே போவதைக் கண்டு சத்தம் கொடுத்தாள். உப்புப் பொருக்கு வெயிலுகந்தாளின் குதிகாலை ஆழமாக அறுத்திருந்தது. அறுபட்ட புண்ணில் உப்புநீர் பட்டால் பல்லைக் கடித்துக்கொண்டு நிற்பார்கள் அங்குள்ள பெண்கள். வெயிலுகந்தாளோ நின்று, காலைத் தூக்கிப் பார்த்து, யாருடைய ரத்தம் என்று கேட்டாள்.

நகரத்து அரசு மருத்துவமனையில் இருந்த டாக்டரம்மா, முதுகின் அடியிலிருந்து கால்விரல் வரைக்கும் ஓடும் நரம்பு ஒன்று பட்டுப்போய்க்கொண்டிருக்கிறது என்றும், உணர்ச்சி இல்லாத காலில் புண் ஆறாது என்றும், கறுப்பு மேலே ஏறத் தொடங்கிவிட்டால் முழங்காலுக்குக் கீழே எடுத்துவிட வேண்டியிருக்கும் என்றும் சொல்லி, மருந்து கொடுத்து அனுப்பினாள். கால் இல்லாத பெண்ணுக்கு உப்பளத்தில் என்ன வேலை என்று யாரும் கேட்கவில்லை. அங்கே எல்லா வேலையும் காலால் நடக்கும் வேலை.

இனி நீளக்கரையைப் பற்றிச் சொல்ல வேண்டும். பூலுடையார் வீட்டுப் பின்சுவரில் தொடங்கி, பாத்திகளுக்கு நடுவே நேராக ஓடி, தோணிகள் வந்து நிற்கும் ஓடையின் விளிம்பில், உப்பைக் குவிக்கும் அம்பாரத்தருகே முடிகிற வரப்பு அது. முடியும் இடத்தில் ஐந்து சிறு வரப்புகளாகப் பிரியும். அகலம் ஒரே ஒரு ஆளுக்குத்தான். எதிரெதிரே இருவர் வந்தால் ஒருவர் பாத்திக்குள் இறங்கியே ஆக வேண்டும். யார் இறங்குவது என்பதில் அந்த ஊரில் ஒருநாளும் சண்டை வந்ததில்லை. பெட்டி நிறைய உப்போடு ஓடைக்குப் போகிறவளுக்குக் கரை சொந்தம். வெறும் பெட்டியோடு திரும்புகிறவள் இறங்கி நிற்பாள். சுமையோடு ஒருத்தி இறங்கினால் விளைந்துகொண்டிருக்கும் பொருக்கு அவள் பாரத்தில் உடையும், பாத்தி மறுபடியும் தேற நாளாகும், பெட்டியில் உள்ளதும் கரையும். ஆகவே சுமையோடு இறங்கினவள் என்று ஒருத்திக்குப் பெயர் விழுந்தால் அந்தப் பெயர் அவள் மகளின் கல்யாணப் பேச்சு வரைக்கும் கூடவே நடந்து வரும். பிரம்மசக்தி சுமக்கத் தொடங்கிய நாளிலிருந்து சுமையோடு ஒருமுறையும் இறங்கியதில்லை.

ஒரு விடியலில் பூலுடையார் மோட்டாரை நிறுத்திவிட்டு வீட்டுக்கு வந்தபோது, பின்சுவரின் அடியிலிருந்து அவை வெளியே வந்துகொண்டிருந்தன. முழங்கால் உயரத்துக்கு இரண்டு கால்கள்; கால்களுக்கு மேல் முறுக்கிய கயிறுபோல் ஒரு தண்டு; தண்டின் உச்சியில், ஆள் தோளளவுக்கு எழும்பிய, இறுகக் கட்டிய, உள்ளே ஏதோ ஒளிர்கிற பை. தலையில்லை, முகமில்லை, கையில்லை. முன்கால் கரையைக் கவ்விப் பிடித்த பிறகே பின்கால் எழுந்தது; எழுந்த கால் சுழன்று முன்னே விழுந்தது; அது கவ்விய பிறகே மற்றது எழுந்தது. ஒவ்வோர் அடிக்கும் ஒரு துளி வெளிச்சம் எங்கிருந்தோ வந்து அதன் பாதத்தில் ஒட்டி, அணைந்து, உதிர்ந்தது. இரண்டு கால்களும் ஒருங்கே கரையை விட்டதை யாரும் எக்காலத்திலும் பார்க்கவில்லை. அவை ஓடையை நோக்கி நடந்தன. பூலுடையார் சற்று நேரம் பார்த்துக்கொண்டிருந்துவிட்டு, உள்ளே போய், உன் முதுகுப் பக்கத்துச் சுவரிலிருந்து சுமைகாரர்கள் வருகிறார்கள் என்று மனைவியிடம் சொன்னான். அவள் அப்போது அந்தச் சுவரில் சாய்ந்துதான் அமர்ந்திருந்தாள்.

கரையும் அவள் காலும் ஒன்றே என்பதைக் கண்டுபிடித்தவர் கங்காணி தவசிலிங்கம். தோணிக்கு உப்பு ஏற்றுவதும், வரிசையை விரட்டுவதும், வானத்தைப் பார்த்துக் கவலைப்படுவதும் அவர் வேலை. ஓடை விளிம்பில் ஐந்தாகப் பிரியும் வரப்புகளில் கடைசியை அவர் தற்செயலாக ஈர்க்குச்சியால் குத்தியபோது, வீட்டுக்குள் வெயிலுகந்தாள், என் சுண்டுவிரலை எறும்பு கடிக்கிறது என்றாள். வாரக்கணக்கில் அந்தக் காலில் எதையும் அறியாதிருந்தவள். மறுபடி குத்தினார்கள், மறுபடி சொன்னாள். நீளக்கரை வெயிலுகந்தாளின் நரம்பு என்பது அன்று மாலைக்குள் ஊருக்குத் தெரிந்துவிட்டது. அதன் பிறகு அதைப் பற்றி வியந்து பேசியவர் இல்லை. என்ன செய்வது என்றுதான் பேசினார்கள்.

பெண்கள் மெட்டியைக் கழற்றிவிட்டுக் கரையில் ஏறினார்கள். வெற்றிலை எச்சிலைக் கரைமேல் துப்புவது நின்றது. சைக்கிள்கள் சுற்றுவழியில் போயின. வந்திருப்பவை சாமியா என்று கோயில் பூசாரியைக் கேட்டார்கள். அவர் நெடுநேரம் பார்த்துவிட்டு, சுமை தூக்குகிறவர்கள் சாமியாக இருக்க முடியாது, வேலையாட்களுக்குச் செய்வதைச் செய்யுங்கள் என்று சொல்லிவிட்டார். ஆகவே கரையின் நடுவில் ஒரு பானைத் தண்ணீரும் குவளையும் வைத்தார்கள், அவை குடிக்கவில்லை. நம் வேலையை இவை பறித்துக்கொள்ளுமோ என்று ஒருத்தி கவலைப்பட்டபோது, கூலி கேட்காமல் பேசாமல் போகிற ஆளைக் கங்காணி இப்போதே பார்த்து வைத்திருப்பார் என்று மற்றவர்கள் சிரித்தார்கள்.

டாக்டரம்மாவும் வந்தாள். செருப்பைக் கையில் எடுத்துக்கொண்டு கரையோரமாக நடந்து, குனிந்து பார்த்து, ரத்த அழுத்தம் சொல்கிற அதே குரலில் சொன்னாள்:

“இதுக்குப் பேரு மோட்டார் புரதம். உங்க எல்லார் நரம்புக்குள்ளயும் இது ராப்பகலா நடந்துகிட்டுதான் இருக்கு. இங்க கொஞ்சம் பெருசா இருக்கு, அவ்வளவுதான்.”

மோட்டார் என்ற சொல்லைக் கேட்ட பூலுடையார், எத்தனை குதிரைச்சக்தி என்று விசாரித்தான். ஒரு அடிக்கு ஒரு துளி என்றாள் அவள். நரம்பின் தாய்வீடு முதுகில் இருக்கிறது, அடுப்பும் அங்கேதான் இருக்கிறது. கால்விரல் அவ்வளவு தூரத்தில் இருப்பதால் அதற்கு வேண்டியதை எல்லாம் இவை சுமந்துகொண்டு போய்க் கொடுக்க வேண்டும், இவை நின்றால் விரல் பட்டினி கிடந்து சாகும் என்றாள். திரும்பி வருகிற கூட்டம் ஒன்றும் இருக்கும், அவை கழிவைக் கொண்டுவரும், செய்தியையும் கொண்டுவரும் என்றும் சொன்னாள். இந்தக் கதையின் எல்லா வடிவங்களிலும் அவள் அதைச் சொல்லியிருக்கிறாள். கழிவு என்ற சொல்லுக்குப் பிறகு யாரும் காது கொடுக்கவில்லை.

முதல் நாட்கள் நல்ல நாட்கள். பெண்கள் போகிறவற்றோடு ஒரே வரிசையில் கலந்து, ஒரு பெட்டி, ஒரு பை, ஒரு பெட்டி, ஒரு பை என்று ஓடைக்கு நடந்தார்கள். வெயிலுகந்தாளின் முழங்காலில் முதலில் உணர்ச்சி வந்தது, பிறகு கணுக்காலில், பிறகு பாதத்தின் விளிம்பில். குதிகால் புண்ணைச் சுற்றி இளஞ்சிவப்பு படர்ந்தது. பெண்கள் அந்த நடைகாரர்களுக்குப் பெயர் வைத்தார்கள்: போறவன்.

பிறகு ஓடைப் பக்கத்திலிருந்து மற்றவை வரத் தொடங்கின. அவற்றின் கால்கள் நீளமானவை, மெலிந்தவை, ஒன்றுக்கொன்று ஒத்துப்போகாதவை. ஓர் அடி நீளமாக, இரண்டு அடி குட்டையாக, சில நேரம் பக்கவாட்டில், சில நேரம் பின்னால்கூட ஓர் அடி. உச்சியில் பை இல்லை. வயிற்றுக்கு அடியில், கால்களுக்கு இடையில், கிழிந்த துணிபோலவும் நைந்த தோல்போலவும் ஏதோ தொங்கியது. சாராயக்கடைக்குப் போய்விட்டு வருகிறான் என்றாள் ஒருத்தி. சம்பளத்தைக் குடித்துவிட்டு வருகிறான், அதுதான் கை வெறுமையாக இருக்கிறது என்றாள் இன்னொருத்தி, தன் வீட்டுக்காரனை நினைத்துக்கொண்டு. வாரவன் என்று பெயர் விழுந்தது.

வாரவனுக்கு நீளக்கரையின் சட்டம் தெரியவில்லை. உப்புப் பெட்டியோடு ஒருத்தி எதிரே வந்தால் இறங்கவில்லை. நின்று, தள்ளாடி, பக்கத்தில் ஓரடி வைத்து, இடுக்கில் நுழையப் பார்த்தது. வரிசை நின்றது. வரிசை நின்றால் பின்னால் வரும் போறவனும் நின்றான், அவன் நின்றால் வெயிலுகந்தாளின் விரலுக்குப் போய்ச்சேர வேண்டிய சாப்பாடும் நின்றது.

முதல் தள்ளல் பிரம்மசக்தியுடையது. ஓடைக்கு இரு கரையிலும் சொல்லப்படும் எல்லா வடிவங்களும் இதில் ஒன்றுபடுகின்றன. அவள் அதைக் கோபத்தில் செய்யவில்லை. இரு கைகளும் தலைப்பெட்டியைப் பிடித்திருக்க, முழங்காலால் வாரவனை ஓரமாக ஒதுக்கி, “வெறுங்கைக்காரன் இறங்கணும்யா, இதுகூடத் தெரியாதா?” என்று ஒரு புதிய ஆளுக்குச் சொல்வதுபோல் சொன்னாள். அது பாத்திக்குள் விழுந்து, கற்கண்டு கரைவதுபோல் கரைந்தது. அது கரைந்த இடத்தில் தண்ணீர் கொஞ்ச நேரம் வெதுவெதுப்பாக இருந்தது என்று பின்னால் வந்தவள் சொன்னாள். வெயிலில் பாத்தித் தண்ணீர் வெதுவெதுப்பாக இருப்பது புதிதில்லை. வரிசை நகர்ந்தது. போறவன் நகர்ந்தான். மதினிக்குச் சோறு போகிறது என்று பிரம்மசக்தி நினைத்துக்கொண்டாள்.

அதன் பிறகு தள்ளுவது வழக்கமாயிற்று, வழக்கம் வேகமாயிற்று. எதிரே வருகிறவற்றை முழங்காலால் ஒதுக்கிவிட்டு நடையை நிறுத்தாமல் போகப் பெண்கள் பழகிக்கொண்டார்கள்.

அப்போது வெயிலுகந்தாளின் கால் மறுபடியும் மரத்தது. இம்முறை விரலிலிருந்து அல்ல, இடுப்பிலிருந்து. தொடையின் பின்புறத்தில் தொடங்கிய குளிர் கீழே இறங்கியது. புண்ணைச் சுற்றியிருந்த சிவப்பு மங்கிச் சாம்பலாயிற்று. சுவரிலிருந்து வரும் போறவர்களின் இடைவெளி நீண்டது. ஒருவனுக்கும் அடுத்தவனுக்கும் நடுவில் இரண்டு பெட்டி, பிறகு ஐந்தாறு பெட்டி. ஊர் இதைக் கண்டது. கண்டு, தனக்குத் தெரிந்த மருந்தைச் செய்தது. சாப்பாடு போதவில்லை, போறவர்களுக்கு வழியை இன்னும் நன்றாகத் திறந்துவிட வேண்டும் என்று முடிவு செய்து, வாரவர்கள் கரையில் ஏறுமுன்பே தள்ளிவிட ஐந்து சிறு வரப்புகளின் முனையில் ஆட்களை நிறுத்தினார்கள். தள்ளத் தள்ளப் போறவர்கள் குறைந்தார்கள். குறையக் குறைய இன்னும் தள்ளினார்கள்.

டாக்டரம்மா மறுபடி வந்து புண்ணைப் பார்த்தாள். குதிகாலில் நாவல்பழ நிறத்தில் ஒரு வட்டம் விழுந்திருந்தது. அவள் கரையைப் பார்க்கவில்லை, பார்க்க நேரமில்லை. திங்கட்கிழமை பிற்பகல் வண்டி அனுப்புகிறேன், அதற்குள் இந்தக் காலில் வலி என்று ஒன்று வந்தால் யோசிக்கலாம், வராவிட்டால் எடுத்துவிடுவோம், தள்ளிப்போட்டால் உயிருக்கே கேடு என்று பூலுடையாரை வெளியே அழைத்துச் சொன்னாள். அவன் அதை மனைவியிடம் சொல்லவில்லை. சுவர் மெல்லியது, அவள் கேட்டுவிட்டிருந்தாள்.

ஞாயிறன்றும் வேலை நடந்தது, தென்கிழக்கில் மேகம் கட்டியிருந்ததால். வரிசையின் தலையில் போன பிரம்மசக்தி எதிரே வந்த ஒரு வாரவனை முழங்காலால் ஒதுக்கியபோது, அது விழும் வேகத்தில் அவளுக்கு முன்னே நடந்துகொண்டிருந்த போறவனின் பையைப் பற்றி இழுத்தது. பை அவிழ்ந்தது. ஒளிர்கிற சின்னச் சின்ன உருண்டைகள் கரையில் சிதறின. அவற்றின் நடுவே, நீண்ட மெலிந்த கால்களை மடக்கி, தொட்டிலில் கிடப்பதுபோல் ஒரு வாரவன் உறங்கிக்கொண்டிருந்தது.

பிரம்மசக்தி நின்றாள். அவள் பின்னால் முழு வரிசையும் நின்றது. பையை இழந்த போறவன் வெறும் கால்களோடு நின்று, மடங்கி, உட்கார்ந்துவிட்டான். அவள் குனிந்து, உறங்குவதை இரு கைகளால் எடுத்துத் தன் பெட்டியின் உப்புக்குமேல் வைத்துக்கொண்டு, ஓடை வரைக்கும் நடந்து, அம்பாரத்தில் உப்பைக் கொட்டுமுன் அதைச் சுண்டுவிரல் வரப்பின் முனையில் இறக்கிவைத்தாள். முனையில் நின்ற ஆளிடம், இதைத் தொட்டால் உன் கையை உடைப்பேன் என்று மட்டும் சொன்னாள். சிலர் இந்தப் பகுதியை விட்டுவிட்டுச் சொல்கிறார்கள். விட்டுச் சொல்லும்போது பின்னால் நடப்பதற்குக் காரணம் இல்லாமல் போகிறது.

பிறகு பெட்டியை அங்கேயே போட்டுவிட்டு, பாத்திகளுக்குள் இறங்கி, கரையை மிதிக்காமல் வீடு வரை நடந்து வந்தாள்.

“மதினி, போறவன் பைக்குள்ள வாரவன் இருக்கான்.”

வெயிலுகந்தாள் சுவரில் சாய்ந்திருந்தாள். தன் வலது தொடையைக் கையால் தூக்கி நகர்த்திவைத்துக்கொண்டு, நாத்தனாரைப் பார்த்தாள்.

“நான்தான அனுப்புதேன். வேற யாரு அனுப்புவா?”

“எதுக்கு?”

“வெளியூருல ஒருத்தனுக்குச் சோறு கட்டிக் கொடுத்தனுப்புதோம். கொண்டு போனவன் திரும்பி வந்து, தின்னான், நல்லாருக்கான், இன்னும் கேட்டான்னு ஒரு சொல்லு சொல்லணும்லா? ஒருத்தனும் திரும்பி வரல. எத்தன நாளைக்குத்தான் ஒருத்தி கட்டிக் கொடுத்துக்கிட்டே இருப்பா? செத்துட்டான் போலன்னு அடுப்ப அணைச்சிட்டு உக்காந்துருவால்லா.”

பிரம்மசக்தி அவள் காலருகே அமர்ந்தாள்.

“என் முதுகுல அடுப்பு அணைஞ்சிக்கிட்டு வருதுட்டி. எனக்குத் தெரியுது. நீ எம்புட்டுப் பேரத் தள்ளின?”

பிரம்மசக்தி மதினியின் குதிகாலில் இருந்த கட்டைப் பிரித்து, கறுப்பு வட்டத்தைப் பார்த்து, மறுபடி கட்டினாள். கட்டும்போது வேண்டுமென்றே இறுக்கினாள். வெயிலுகந்தாள் முகம் சுளிக்கவில்லை.

மாலையில் கங்காணியிடம் போய், நாளைக்கு ஒருநாள் நீளக்கரையில் வரிசை வேண்டாம் என்றாள். தவசிலிங்கம் கெட்டவர் அல்லர். தென்கிழக்கைக் காட்டினார், ஓடையில் நின்ற தோணியைக் காட்டினார், பாத்திகளில் வாரிக் குவித்திருந்த உப்பைக் காட்டினார். இந்த மழை விழுமுன் அது தோணி ஏறாவிட்டால் பருவம் முழுவதும் உழைத்தது தண்ணீராகிக் கடலுக்கே திரும்பிவிடும் என்றார். “ஒரு காலுக்காக ஊரு அடுப்ப எல்லாம் அணைக்கச் சொல்லுதியா தாயி?” என்று கேட்டார். சுற்றி நின்ற பெண்கள் தரையைப் பார்த்தார்கள். அவர்களில் வெயிலுகந்தாளுக்குக் கஞ்சி கொண்டுபோகாதவள் ஒருத்தி இல்லை. அவர் சொன்னதை மறுத்தவளும் ஒருத்தி இல்லை.

திங்கள் காலை சுவரிலிருந்து ஒருவனும் வரவில்லை. கரை பழைய கரைபோல் கிடந்தது. ஐந்து வரப்புகளின் முனையில் நிறுத்திய ஆட்களும் உப்பு வாரப் போய்விட்டார்கள், தள்ளுவதற்கு ஒன்றும் இல்லாததால். எல்லாப் பெண்களும் வரிசையில் நின்றார்கள். தான் விலகினால் வேறொருத்தி தலையாக நடப்பாள், அவள் முழங்கால் நிற்காது என்று தெரிந்ததால் பிரம்மசக்தியும் நின்றாள். காற்று விழுந்துவிட்டது. வானம் பாத்தித் தண்ணீரின் நிறத்துக்கும், பாத்தித் தண்ணீர் வானத்தின் நிறத்துக்கும் வந்திருந்தன. உச்சிப்பொழுது கழிந்து, தலைச்சுமைகளோடு வரிசை நீளக்கரை முழுவதும் நீண்டு கிடந்தபோது, சுண்டுவிரல் வரப்பிலிருந்து ஒன்று ஏறி வந்தது.

நீண்ட கால்கள், ஓர் அடி பெரிதாக, இரண்டு அடி சிறிதாக. முந்தின நாள் அவள் இறக்கிவைத்ததுதான் அது, அவளுக்குத் தெரிந்தது. அதன் வயிற்றுக்கு அடியில் கிழிசல் எதுவும் தொங்கவில்லை. கால்கள் சேரும் இடத்தில், கடுகளவு, மீன்முட்டையளவு, வெளிச்சம் என்றும் சொல்ல முடியாத ஒரு சூடு ஒட்டியிருந்தது. தள்ளாடி வந்து அவளுக்கு நேர் எதிரே நின்றது. பக்கத்தில் ஓரடி வைத்துப் பார்த்தது. இடமில்லை. பின்னால் ஓரடி வைத்தது. மறுபடி வந்து நின்றது.

பின்னால் இருந்தவள் பெட்டியின் பாரத்தில் கழுத்து நடுங்க, ஒதுக்குங்கள் அக்கா, நிற்க முடியவில்லை என்றாள். அம்பாரத்து மேட்டிலிருந்து கங்காணி கைதட்டினார்.

“ஏ பிரம்மசக்தி, வெறுங்கையாத்தான வாரான். தள்ளிட்டு வா.”

நெற்றியில் முதல் துளி விழுந்தது அவளுக்கு. பிள்ளை பெற்றவளின் குரல்போல் மெதுவாக, ஆனால் கரை முழுவதும் கேட்கும்படி சொன்னாள்:

“சுமையோடதான் வாரான் அண்ணாச்சி. நம்ம சுமையவிடப் பெருசு.”

சொல்லிவிட்டு, பெட்டி தலைமேல் இருக்க, இடது பாத்திக்குள் இறங்கினாள். பொருக்கு உடையும் ஓசை ஓடை வரைக்கும் கேட்டது. கால் புதைந்து பெட்டி சரிந்து, அவ்வளவு உப்பும் தண்ணீருக்குள் போயிற்று.

பின்னால் நின்றவளுக்கு முன்னே இப்போது வாரவன் நின்றது. அவள் ஒருமுறை கங்காணியைப் பார்த்தாள். ஒருமுறை பிரம்மசக்தியைப் பார்த்தாள். வலது பாத்திக்குள் இறங்கினாள். அடுத்தவள் இறங்கினாள். அதற்கு அடுத்தவள் திட்டிக்கொண்டே இறங்கினாள். இப்படியே ஒருத்திக்குப் பின் ஒருத்தியாக, இடமும் வலமுமாக, உடையும் பொருக்கின் ஓசை கரையோடு வீட்டை நோக்கி நடந்தது. அதன் பின்னால் வாரவன் நடந்தது.

மழை பிடித்தது. முதல் சில துளிகள் பட்டதும் வாரவனின் ஒரு கால் மெழுகுபோல் இளகி நீண்டதைக் கண்டவள் யார் என்பதில்தான் வடிவங்கள் வேறுபடுகின்றன. மூன்று குடும்பத்தார் அது எங்கள் வீட்டுப் பெண் என்கிறார்கள். யாராக இருந்தாலும், அவள் உப்பைக் கொட்டிவிட்டு, வெறும் பெட்டியைக் கவிழ்த்து வாரவன்மேல் கூரையாகப் பிடித்தாள். வாரவன் அவள் பெட்டியைக் கடந்ததும் எதிர்ப்புறத்தவள் தன் பெட்டியை நீட்டினாள். பாத்திகளுக்குள் தொடையளவு சேற்றில் நின்ற பெண்கள் கரையின் இருபுறமிருந்தும் பெட்டிகளை நீட்ட, ஓலைப்பெட்டிகளாலான ஒரு கூரை நீளக்கரையின் முதுகில் நகர்ந்தது. பல நாள் மிதியில் கரை முடிச்சுப்போல் திரண்டிருந்த ஓரிடத்தில் வாரவன் தடுக்கி, ஒரு காலால் மட்டும் தொங்கி நின்றது. பிறகு அது பக்கத்தில் ஓரடி, பின்னால் ஓரடி, முன்னால் நீளமாக ஓரடி வைத்து, முடிச்சைச் சுற்றிக்கொண்டு போயிற்று. அந்தத் தள்ளாட்டத்தைக் கேலி செய்திருந்தவர்கள் அப்போதுதான் அது எதற்கென்று கண்டார்கள்.

சாலையில் ஆஸ்பத்திரி வண்டி ஹாரன் அடித்தது.

வாரவன் பின்சுவரின் அடியில் நுழைந்து மறைந்தது. மழை மட்டும் பெய்தது. அம்பாரம் ஓரங்களில் உருகத் தொடங்கியது. தவசிலிங்கம் அதன் பக்கம் திரும்பவில்லை, செருப்பைக் கழற்றிக் கையில் பிடித்துக்கொண்டு நின்றார். டாக்டரம்மா இறங்கி வந்தாள், வெயிலுகந்தாளின் காலைத் தொட்டாள், ஊசிமுனையால் குதிகாலையும் பாதத்தையும் விரல்களையும் குத்திப் பார்த்தாள், பூலுடையாரைப் பார்த்து, உணர்ச்சி இல்லை என்று தலையசைத்தாள். அவன் மனைவியை இரு கைகளில் ஏந்திக்கொண்டு புறப்பட்டான். முற்றத்தில் மழையும், கரை வழிந்த உப்புநீரும் முழங்காலுக்கு ஏறியிருந்தன. அவன் சேற்றில் வழுக்கி, சாயாமல் இருக்க ஒருபக்கம் தாழ்ந்தபோது, அவளுடைய வலது கால், கட்டு அவிழ்ந்த புண்ணோடு, தண்ணீருக்குள் நனைந்தது.

“எரியுது.”

அவன் நின்றான். தவறாகக் கேட்டதுபோல் அவள் முகத்தைப் பார்த்தான்.

வாரவனோடு கூடவே வந்து, வீட்டருகே பாத்திக்குள் இடுப்பளவு சேறாக நின்ற பிரம்மசக்தி, கவிழ்ந்த பெட்டி கையில் இருக்க, அங்கிருந்தே கேட்டாள்: “என்ன மதினி?”

“எரியுதுட்டி. எரியுது. கால எடுக்கச் சொல்லு இவங்கிட்ட.”

“எடுக்காத அண்ணே,” என்றாள் பிரம்மசக்தி. “அப்படியே வச்சிக்கோ.”

வெயிலுகந்தாள் பல்லைக் கடித்துக்கொண்டு அழுதாள். பாத்திகளில் நின்ற பெண்கள் அதைக் கேட்டுக்கொண்டு நின்றார்கள். பின்சுவரின் அடியில் ஒரு கால் வெளியே வந்து கரையைக் கவ்வியது. அது கவ்விய பிறகு மற்றக் கால் எழுந்தது.

கோட்டுமுனைக்காரர்கள் அவள் சுண்டுவிரலை மட்டும் இழந்தாள் என்பார்கள். அக்கரைக்காரர்கள் அதையும் இழக்கவில்லை என்பார்கள். அந்த ஆண்டு உப்பு பாதிக்குமேல் கடலுக்கே போயிற்று என்பதில் இருவரும் ஒன்றுபடுவார்கள். கால் தேறியதும் நடைகாரர்கள் கண்ணுக்குத் தெரியாமல் போனார்கள். அவரவர் உடம்புக்குள்ளேயே போய்விட்டார்கள் என்பது பூசாரியின் கருத்து. நீளக்கரையில் இன்றைக்கும் நிறைசுமையோடு போகிறவள், எதிரே வெறுங்கையாக ஒருத்தி வந்தால் ஒரு நொடி நின்று, அவளைக் கால் முதல் தலை வரை பார்த்து, என்ன கொண்டு வருகிறாய் என்று கேட்கிறாள். பதில் வரும்வரை முழங்காலை நகர்த்துவதில்லை.